நிழலுக்கும் ஒரு 'பாடு'!

பழவேற்காடு போயிருக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமையில் பூநாரை பார்க்கவோ, நண்டும் இறாலும் வாங்கவோ போயிருப்பீர்கள். ஏரியையும் கடலையும் பார்த்த கண் ஒன்றைக் கவனித்திருக்காது. பெயரிலேயே காடு இருக்கிற அந்த ஊரைச் சுற்றிப் பல குப்பங்களில், வெயிலுக்கு ஒதுங்க ஒரு மரத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

நான் சித்த வைத்தியன். அங்கே ஒரு மீனவக் குப்பத்துக்கு மருத்துவ முகாமுக்காக வருடா வருடம் போய்வருகிறேன். வருகிற பெண்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். நீர்க்கடுப்பு, தலைசுற்றல், கண் எரிச்சல். காலையில் ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். பிறகு கரையில் உட்கார்ந்து, உச்சி வெயிலில் மீனைத் தரம் பிரிக்கிறார்கள். உடம்பு காயாமல் என்ன செய்யும்?

ஒருமுறை மோரும் நன்னாரி ஊறல் தண்ணீரும் குடிக்கச் சொல்லிவிட்டு, "மத்தியானத்தில் நிழலில் உட்காருங்கம்மா" என்றேன். அறுபது வயது அம்மா ஒருவர் சிரித்துவிட்டார். "நல்லாச் சொன்னீங்க ஐயா. அந்த நெழல எந்தக் கடையில விக்கிறாங்கன்னு சீட்டுல எழுதிக் குடுங்க!"

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த முகாமுக்கு வேனில் ஐம்பது கன்றுகளோடு போனேன். கடற்கரைப் பக்கம் வரிசையாக நட்டோம், போட்டோ எடுத்தோம், திரும்பிவிட்டோம். மறுவருடம் பார்த்தால் உயிரோடு இருந்தவை நான்கு! மற்றவற்றை உப்புக்காற்றும் ஆடும் தண்ணீர்ப் பஞ்சமும் தீர்த்துவிட்டன. பிழைத்த நான்கும், வீட்டுப் பின்புறம் பாத்திரம் கழுவும் தண்ணீர் ஓடுகிற இடத்தில், கிழிந்த வலையைச் சுற்றிக் கட்டிய பூவரசுகள்.

அதே அம்மாதான் வழியும் சொன்னார். பழவேற்காடு மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. ஏரியில் எந்த இடத்தில் யார், எந்த நாள் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். "மீனுக்குப் பாடு இருக்கறப்ப, மரத்துக்குத் தண்ணி ஊத்த ஒரு பாடு வெச்சா என்ன?" என்றார். வைத்தார்கள். இரண்டு கோடை தாண்டியது. இன்றைக்கு அந்தப் பூவரசு நிழலில்தான் முகாமே நடக்கிறது!

சுனாமி நாளில்...

நாகை மாவட்டத்தில், வேதாரண்யம் பக்கம் நாலுவேதபதி என்ற ஊர். 2002-ல் ஊரே கூடி ஒரே நாளில் 80,244 கன்றுகள் நட்டுக் கின்னஸ் சாதனை படைத்தது. இரண்டே வருடத்தில், 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே நின்ற அந்தத் தோப்பு அலையின் வேகத்தைக் குறைத்தது. ஆனால் மரங்களும் சாகாவரம் பெற்றவை அல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் வட்டாரத்து மரங்களைச் சாய்த்துத் தள்ளியது. ஆகவே நடுவது ஒருநாள் திருவிழா என்று நினைக்காதீர்கள். அது தலைமுறை வேலை.

எங்கே எதை நடலாம்?

சித்த மருத்துவத்தில் ஐவகை நிலத்தையும் பார்த்துத்தான் நோயை எடைபோடுவோம். மரத்துக்கும் அதே கணக்குதான்.

மணல் பகுதிக்குப் பனை, புன்னை, பூவரசு. ஊருக்குள் வேம்பு, புங்கன். பூவரசுக்குக் கன்றுகூட வேண்டாம், நல்ல போத்து போதும். ஏரிச் சேற்றில், ஓதம் ஏறி இறங்குகிற இடத்தில் வெண்கண்டல். இதன் காலடியில்தான் இறால், நண்டுக் குஞ்சுகள் ஒளிந்து வளரும். தண்ணீர் தேங்கினால் அலையாத்தி மரம் பிழைக்காது. பிச்சாவரத்தில் 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓதத்தண்ணீரை உள்ளே விட்டபிறகுதான் பட்டுப்போன இடங்கள் மறுபடி துளிர்த்தன.

படகு ஏற்றும் கரை, வலை காயும் மணல், பறவைகள் இரை தேடும் சேற்றுவெளி, இவற்றில் நடக்கூடாது. ஏரிக்கரையில் வனத்துறையைக் கேட்காமல் எதையும் நடவேண்டாம். ஐப்பசி மழை தொடங்கும்போது நட்டால், மழை உப்பைக் கழுவி வேரைக் காக்கும்.

ஒரு எச்சரிக்கை. புன்னை எண்ணெயை வாத வலிக்கு வெளியே தடவலாம், உள்ளே சாப்பிடக் கூடாது. வெயிலில் மயங்கி, உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினால் கைவைத்தியம் பார்க்காதீர்கள். உடம்பை ஈரத்துணியால் துடைத்தபடியே உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நீங்கள் செய்யவேண்டியது

நற்றிணையில் ஒரு பெண், சின்ன வயதில் மணலில் புதைத்த புன்னை விதை மரமாகிவிடுகிறது. அவள் தாய் அதை அவளுக்குத் தங்கை என்கிறாள். உறவாக நினைத்தால்தான் மரம் பிழைக்கும்.

பிறந்தநாள், திருமண நாள் என்றால் இப்போது கன்று கொடுப்பது வழக்கமாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் அடுத்தமுறை கன்றோடு நிறுத்தாதீர்கள். இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் செலவையும், ஒரு வேலிக்கான காசையும் சேர்த்துக் கொடுங்கள். எந்த மரம், எந்த இடம் என்பதை அந்த ஊர்ப் பெண்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். நிழலில் உட்காரப் போகிறவர்கள் அவர்கள்தானே!