ஓடும் வரை ஓடட்டுமா? தொழிலில் பழைய தொழில்நுட்பத்தின் ஆபத்துகள்

“நன்றாக ஓடுகிற கணினியை எதற்கு மாற்ற வேண்டும்?” இது என் பெரியப்பா அடிக்கடி சொல்லும் வார்த்தை. குளுவாங்கில் அவர் சிறிய அச்சகம் ஒன்றை நடத்தி வருகிறார். திருமண அழைப்பிதழ், பில் புத்தகம், கோயில் மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டிதழ் என எல்லாமே அங்கே அச்சாகும். பருவ விடுமுறைகளில் எழுத்துக் கோர்ப்பது என் வேலை. ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்த தமிழ், தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற பிறகும் மறக்காமல் இருந்ததற்கு அந்த அச்சகமும் ஒரு காரணம்.

ஓடுகிற வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஒருநாள் கோயில் செயலாளர் ஒருவர் வந்தார். 2003-ஆம் ஆண்டு கும்பாபிஷேக மலரில் வெளிவந்த கோயில் வரலாற்றைப் புதிய மலரில் சேர்க்க வேண்டும் என்றார். அதைத் தட்டச்சு செய்த பெரியவர் காலமாகிவிட்டார். “கோப்பு இருக்கிறது, கவலை வேண்டாம்,” என்றார் பெரியப்பா. அந்தக் கோப்பு இருந்ததோ விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினியில். அன்று பார்த்து அது உயிர்பெற மறுத்தது.

வன்தட்டைக் கழற்றினோம். அதன் பழைய இணைப்பைப் புதிய கணினியில் சொருக இடமில்லை. ஒரு மாற்றியை வாங்கிப் பொருத்திக் கோப்பைக் கண்டுபிடித்தோம். திறந்தால் தமிழே இல்லை! திரை முழுக்க ஐரோப்பிய எழுத்துகளும் புரியாத குறிகளும்தான். இறுதியில், அச்சான மலரைப் பார்த்து நாற்பது பக்கங்களை மீண்டும் தட்டச்சு செய்தேன். அதற்குள் புதிய மலரின் வேலை வேறோர் அச்சகத்திற்குப் போய்விட்டது.

அன்பு வாசகர்களே, ஏன் இப்படி நடந்தது? இதைப் புரிந்துகொண்டால் பழைய தொழில்நுட்பத்தின் உண்மையான ஆபத்து விளங்கும்.

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். பழைய முறையில் ஓர் எழுத்துருவுக்கு மொத்தம் 256 இடங்கள். முதல் 128 இடங்கள் ஆங்கிலத்திற்கும் பொதுக் குறிகளுக்கும் போக, மீதமுள்ள இடங்களில் பலர் தமிழைப் பொருத்தினார்கள். எந்த எண்ணுக்கு எந்தத் தமிழ் எழுத்து என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்துக்கொண்டது. ஆகவே, கோப்பில் இருப்பது வெறும் எண்களே. உரிய எழுத்துரு இல்லையென்றால் அவை தமிழாகத் தெரியாது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் முயற்சியில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. மலேசியரான முத்து நெடுமாறன் 1985-ஆம் ஆண்டிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கினார். இணையத் தமிழர்கள் திஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் என்ற குறியீடுகள் பரிந்துரைக்கப்பட்டன. ஆனால், நிலையான தீர்வாக அமைந்தது யூனிகோட். அதில் ‘அ’வுக்கு 2949, ‘க’வுக்கு 2965 என ஒவ்வொன்றுக்கும் உலகம் முழுவதும் ஒரே எண். 2010-இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

அப்படியென்றால் அச்சகங்கள் ஏன் மாறவில்லை? சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. பலர் பயன்படுத்திய பேஜ்மேக்கர் மென்பொருள் யூனிகோட் தமிழை ஏற்காது. அதன் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்த 7.0. அதற்கு மாற்றாக வந்த இன்டிசைன், 2012-இல் வெளிவந்த சிஎஸ்6 பதிப்பில்தான் தமிழை முறையாகக் கோர்க்கத் தொடங்கியது. காத்திருந்த பத்தாண்டுகளில் பழைய முறை பழக்கமாகிப் போனது. வழி திறந்த பிறகும் பெரியப்பா போன்றவர்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கோப்பு பூட்டிக்கொள்வது முதல் ஆபத்து. இரண்டாவது, பாதுகாப்பு. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 8 ஏப்ரல் 2014-இல் நிறுத்தியது. அதன் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை வழக்கமாக அடைப்பார் இல்லை. 12 மே 2017-இல் ‘வான்னாகிரை’ என்ற பணயத் தீநிரல் சுமார் 150 நாடுகளில் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. சென்னை அருகே ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் கார் தொழிற்சாலையும் பாதிக்கப்பட்டது. இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை எக்ஸ்பி கணினிகள் அல்ல, விண்டோஸ் 7 கணினிகள். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சிலேயே, வெளியாகியிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாதவர்களே சிக்கினார்கள். ஆக, பழையது என்பது வாங்கிய ஆண்டைப் பொறுத்தது மட்டுமல்ல; பராமரிப்பையும் பொறுத்தது. இன்று பல கடைகளில் உள்ள விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 14 அக்டோபர் 2025-இல் முடிந்துவிட்டது என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, நாம் மாறாவிட்டாலும் நம்மைச் சுற்றியுள்ள விதிகள் மாறும். மலேசியாவில் 1 ஆகஸ்டு 2024 முதல், ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களுக்கு மின்விலைப்பட்டியல் கட்டாயமானது. பிறகு அது படிப்படியாகச் சிறிய நிறுவனங்களுக்கும் விரிந்தது. இணையத்தோடு பேசத் தெரியாத கணக்கு மென்பொருள் அங்கே என்ன செய்யும்?

அதற்காகப் பழையதையெல்லாம் தூக்கி எறியச் சொல்லவில்லை. பெரியப்பாவின் அச்சகத்தில் என்னைவிட வயதில் மிக மூத்த ஹைடல்பர்க் இயந்திரம் ஒன்று இன்றும் பில் புத்தகங்களுக்கு எண் அடிக்கிறது. அது யாரையும் நம்பி இல்லை. எண்ணெய் போட்டால் ஓடும். ஒரு பாகம் தேய்ந்தால் பட்டறையில் செய்துகொள்ளலாம். கணினி அப்படியன்று. அதைச் செய்த நிறுவனம் கைவிட்டால், உள்ளே இருக்கும் நம் உழைப்பும் சேர்ந்து அடைபட்டுவிடும். இயந்திரம் போனால் வேறொன்று வாங்கலாம். உள்ளே இருந்த வரலாற்றை எந்தக் கடையில் வாங்குவது?

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் அல்லவா? சிறு தொழில் செய்வோர் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. முதலில், எந்தக் கணினியில் எந்த மென்பொருள், அதன் ஆதரவு எப்போது முடியும் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். முக்கியமான கோப்புகளுக்கு மூன்று படிகள் வையுங்கள். அவற்றில் ஒன்று வேறு இடத்தில் இருக்கட்டும். பழைய கணினி ஓடும்போதே தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பின் ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள், ஏனெனில் மாற்றும் மென்பொருள் எல்லா எழுத்துருக்களையும் அறியாது. எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் படியும் எடுங்கள். மாற்ற முடியாத கணினியை இணையத்திலிருந்து துண்டித்து வையுங்கள்.

பெரியப்பா இப்போது புதிய கணினி வாங்கிவிட்டார். மாலை வேளைகளில் பழைய மலர்களை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றி வருகிறோம். இதுவரை பதினொன்று முடிந்திருக்கிறது. இரண்டைத் திறக்கவே முடியவில்லை.

இறுதியாக, முன்னாள் மாணவர்களான அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் கழகத்தின் 2000-ஆம் ஆண்டுகளின் இதழ்களும் இதே பழைய எழுத்துருக்களில்தான் கோர்க்கப்பட்டன. அவற்றின் குறுந்தட்டுகள் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கலாம். இந்த வாரமே தேடிப் பாருங்கள். கிடைத்தால் கழகத்திடம் கொடுங்கள். திறக்கத் தெரிந்த கைகள் இப்போது இங்கே இருக்கின்றன.