சர்வே எண் தேதியாக மாறிய கதை

மேக்கரை, வடகரைப் பக்கம் மலையடிவாரத்தில் தோப்பு வைத்திருப்பவர்களுக்கு யானையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ராத்திரி இறங்கினால் விடியும்போது தென்னையும் வாழையும் சாய்ந்து கிடக்கும். எங்கள் இயற்கை விவசாயக் குழுவில் ஒருவருக்கு அப்படித்தான் ஆனது. நிவாரண மனுவோடு நில விவரம் வைக்க வேண்டும். குழுவின் நிலக் கணக்கெல்லாம் என் பொறுப்பு, போனில் எக்செல் தாளில் இருக்கிறது. "அண்ணாச்சி, நம்ம வரிய மட்டும் ஒரு பிரிண்ட் போட்டுத் தாங்க" என்றார். கொடுத்தேன். மறுநாள் தாளைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். சர்வே எண் இருக்க வேண்டிய கட்டத்தில் "12-மார்ச்" என்று இருந்தது. அவருடைய நிலம் 12/3.

தப்பு என்னுடையது. முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் கணக்கோடு கிடந்தவன், இதைக் கவனிக்காமல் விட்டேன். ஆனால் ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் குழுவில் இது நடக்காது. அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

எக்செல், கூகுள் ஷீட் எல்லாம் நாம் தட்டுவதை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. "இது எண்ணா, எழுத்தா, தேதியா?" என்று தானே ஊகித்துக்கொள்ளும். 12/3 என்று அடித்தால் அதற்குத் தேதி. நம்மைக் கேட்காது, எச்சரிக்காது. 105/2ஏ மாதிரி எழுத்து சேர்ந்தவை தப்பித்துவிடும். அதனால் பத்தியில் பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் இருக்கும், கண்ணில் படாது. சரி, தேதி வடிவத்தை எழுத்தாக மாற்றிவிடலாம் என்று போனால் எக்செல் 45728 என்று ஒரு எண்ணைக் காட்டும். 1900 ஜனவரி 1-ஐ ஒன்றாக வைத்து நாட்களை எண்ணிக்கொண்டு வந்தால் 2025 மார்ச் 12-க்கு வரும் எண் அது. தேதியை அது உள்ளுக்குள் அப்படித்தான் வைத்துக்கொள்கிறது. நாம் அடித்த 12/3 உள்ளே எங்குமே இல்லை.

இதில் ஒரு கூடுதல் சிக்கல். அமெரிக்க முறையில் அமைத்த போனில் மாதம்தான் முதலில் வரும். அங்கே 12/3 என்று அடித்தால் டிசம்பர் 3. அந்தத் தாள் நம் போனுக்கு வந்தால் 3-டிசம்பர். அப்படியானால் அசல் நிலம் 12/3-ஆ, 3/12-ஆ? ஊரில் இரண்டு எண்ணிலும் நிலம் இருக்கும். பட்டாவைப் பார்க்காமல் சொல்லவே முடியாது.

நமக்கு மட்டும் வந்த தொல்லை என்று நினைக்காதீர்கள். மரபணு ஆராய்ச்சிக்காரர்கள் பல வருஷம் இதோடு மல்லுக்கட்டினார்கள். மார்ச்1, செப்ட்1 என்று சில மரபணுக்களுக்குப் பெயர். எக்செல் அவற்றைத் தேதியாக்கியது. எக்செல் தாளில் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-ல் ஓர் ஆய்வு சொன்னது. கடைசியில் 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். நாம் சர்வே எண்ணை மாற்ற முடியாதே!

வழி சுலபம்தான், ஆனால் தட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். சர்வே எண் பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து, ஃபார்மட்டில் போய் எக்செல் என்றால் 'டெக்ஸ்ட்', கூகுள் ஷீட் என்றால் 'பிளெய்ன் டெக்ஸ்ட்' என்று வைத்துவிடுங்கள். மறந்துபோனால் எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு அடிக்கலாம். வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், போன் நம்பர் எல்லாவற்றுக்கும் இதேதான். இவை பார்க்க எண் மாதிரி இருந்தாலும் கூட்டிக் கழிக்கப் போவதில்லை, பெயர் மாதிரிதான். எண்ணாக விட்டால் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகும். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் நினைவில் வைக்காது. 16 இலக்கக் கணக்கு எண்ணில் கடைசி இலக்கத்தைப் பூஜ்யமாக்கிவிடும். பணம் யாருக்குப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது ஆள் குழப்பம். எங்கள் பக்கம் மாடசாமி என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரே ஆள் ஆதாரில் ஒரு மாதிரி, பட்டாவில் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் இன்ஷியல் பின்னால் போய் இன்னொரு மாதிரி. நமக்கு அவர் ஒருவர்தான், கணினிக்கு மூன்று பேர். அதனால்தான் வங்கியில் வாடிக்கையாளருக்கு ஓர் எண் கொடுத்து, எத்தனை கணக்கு வைத்திருந்தாலும் அந்த எண்ணில் கோப்பது. 1970-ல் ஐபிஎம்மில் வேலை பார்த்த எட்கர் காட் என்பவர் எழுதிக் காட்டிய முறையில்தான் இன்றைக்கு வங்கி, ரயில்வே என்று பெரும்பாலான கணக்குகள் ஓடுகின்றன. சாரம் இதுதான்: ஒவ்வொரு வரிக்கும் மாறாத ஓர் அடையாளம் வேண்டும், ஒரு விவரம் ஓர் இடத்தில் மட்டும் இருக்க வேண்டும். குழுவுக்கு மூன்று தாள் போதும். ஆட்கள் ஒரு தாள், நிலங்கள் ஒரு தாள், நடந்த வேலைகள் ஒரு தாள். வேலைத் தாளில் பெயர் எழுதாதீர்கள், உறுப்பினர் எண்ணும் நில எண்ணும் போதும். போன் நம்பர் மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் சரி.

பிஜிஎஸ் சான்றிதழ் வைத்திருக்கும் குழுக்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஐந்து பேராவது சேர்ந்து, ஒருவர் நிலத்தை மற்றவர் பார்த்து, 'இதில் ரசாயனம் போடவில்லை' என்று சொல்வதுதான் அந்த முறையின் அஸ்திவாரம். யார் நிலம், எந்த நிலம், எப்போதிலிருந்து என்ற மூன்றிலும் தாள் தடுமாறினால் நம் வார்த்தைக்கு மதிப்பு ஏது?

மழைக் கணக்குக்கு வருவோம். குற்றாலச் சாரலும் கிடைத்து, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் கிடைக்கிற ஊர் நமது. மழைமானி வைத்திருக்கிறவர்கள் காலை 8.30-க்கு அளந்து எழுதுங்கள், வானிலைத் துறையின் நேரமும் அதுதான். முந்தைய 24 மணி நேர மழை, அளந்த நாளின் கணக்கில் வரும். 25 மி.மீ. என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர், அதனால் அலட்சியம் வேண்டாம். இங்கே இரண்டு தப்பு வழக்கமாக நடக்கும்.

ஒன்று, கட்டத்தில் "12 மிமீ" என்று அலகையும் சேர்த்து எழுதுவது. எழுத்து சேர்ந்த உடனே அது எண் இல்லை. கூட்டுத்தொகை போடும்போது எக்செல் அந்தக் கட்டத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். மாத மழை குறைந்து காட்டும், நாமும் 'இந்த வருஷம் மழை இல்லவே' என்று பேசிக்கொண்டிருப்போம். அலகு பத்தியின் தலைப்பில் இருக்கட்டும், கட்டத்தில் எண் மட்டும். இரண்டு, மழை இல்லாத நாளும் அளக்காத நாளும் ஒன்று என்று நினைப்பது. மழை இல்லையென்றால் 0 போடுங்கள். கல்யாண வீட்டுக்குப் போய் அளக்காமல் விட்டால் காலியாக விடுங்கள். சராசரி போடும்போது 0 கணக்கில் சேரும், காலிக் கட்டம் சேராது. மூன்று நாள் தண்ணீர் மானியில் சேர்ந்து கிடந்தால் மொத்தத்தை வந்த நாளில் எழுதி, பக்கத்தில் "3 நாள்" என்று குறிப்பு வையுங்கள்.

வரவு செலவில் என்னைப் பல நாள் ஏமாற்றியது ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று கூட்டியதுதான். நமக்குக் கார், பிசானம் என்று இரண்டு பருவம். பிசானத்துக்கு உழவு, நாற்று, நடவுக் கூலி எல்லாம் ஐப்பசி கார்த்திகையில் போகும். நெல் மாசி பங்குனியில் வரும். ஆங்கில வருஷத்தில் பிரித்தால் செலவு ஒரு வருஷத்தில், வரவு அடுத்த வருஷத்தில். நல்லா விளைந்த பிசானமும் நஷ்டம் மாதிரித் தெரியும். 'பருவம்' என்று ஒரு பத்தி சேர்த்து, அதை வைத்துக் கூட்டுங்கள். வருஷக் கணக்கு வேண்டுமென்றால் வங்கி மாதிரி ஏப்ரல் முதல் மார்ச் வரை வையுங்கள், நம் வயலுக்கும் அது பொருந்தும்.

அளவையும் கிலோ, சென்ட் என்று ஒரே மாதிரி எழுதுவது நல்லது. கோட்டை, மரக்கால் விரைப்பாடு பேச்சில் இருக்கட்டும், ஊருக்கு ஊர் மாறுகிற அளவைத் தாளில் கூட்ட முடியாது. தூயமல்லி, தூய மல்லி என்று இரண்டு விதமாக எழுதினாலும் கணினிக்கு இரண்டு ரகம். ரகப் பெயரைத் தட்டாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிற மாதிரி வைத்துவிட்டால் தீர்ந்தது.

தோப்புக்குள் போனால் சிக்னல் போய்விடும். கூகுள் ஷீட் என்றால் வீட்டில் இருக்கும்போதே 'ஆஃப்லைன்' வசதியைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் இரண்டு பேர் ஒரே கட்டத்தைத் திருத்தினால் கடைசியாகப் போய்ச் சேர்ந்தது நிற்கும், மற்றது போயே போய்விடும். இதற்கு வங்கிப் பேரேட்டுப் பழக்கம்தான் மருந்து. அந்தக் காலத்தில் மையில் எழுதியதை அழிக்க விடமாட்டார்கள். தப்பாகப் பதிந்தால் அது அப்படியே இருக்கும், கீழே எதிர்ப்பதிவு போடுவோம். வேலைத் தாளிலும் அப்படியே. பழைய வரியைத் தொடாதீர்கள். தேதி, உங்கள் பெயர் போட்டுப் புது வரி சேருங்கள்.

அந்தத் தென்னந்தோப்புக்காரருக்குப் பேனாவால் 12/3 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பிறகு உட்கார்ந்து பத்தி முழுவதும் பார்த்ததில் இன்னும் ஆறு இடத்தில் சர்வே எண் தேதியாகிக் கிடந்தது. நாலைப் பட்டாவைப் பார்த்துத் திருத்திவிட்டேன். இரண்டு பேர் பட்டாவைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.