எழுத்தாகிய எண்

பின்னலாடை நகராம் திருப்பூரில் பனியன்களை 80, 85, 90, 95, 100 என அளவெண்ணால் குறிப்பர். மொழியியல் பயின்ற லாரி வால் 1987இல் வெளியிட்ட பெர்ல் நிரல்மொழியிடம் இவ்வெண்களை வரிசைப்படுத்தச் சொன்னால், 100 முதலில் வந்து நிற்கும்; பிழைச் செய்தி ஏதும் தோன்றாது.

காரணம் யாது? தனிக்கட்டளை இல்லாவிடில் பெர்ல், எண்களையும் எழுத்துகளாகவே கொண்டு அகராதி முறையில் அடுக்கும். 8க்கு முன் 1 வருமன்றோ! எண்மதிப்பை ஒப்பிடும் <=> என்னும் குறியை நாம் இட்டுவிட்டால், 80 முதலிடம் பெறும்.

இதனை அறியாது, பழகிய வரிசையிலேயே எண்ணிக்கைகளை எதிரே நிரப்பினால், 80க்குரியது 100க்குப் போய்ச் சேரும். சரக்கும் மாறிக் கடல் கடக்கும். பிழைச் செய்தி வராமை, பிழையின்மை ஆகாது. விடை தெரிந்த சிறு பட்டியலைக் கொண்டு நிரலை முதலில் சோதித்தறிவோமாக!