செவ்வாய் ஏறினால் திங்கள் இறங்கலாம், தெரியுமா?

கோடையில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை 5 மணிக்கு விமானம் ஏறி, ஒரு மணி நேரம் பறந்து, திங்கட்கிழமை இரவு 10 மணிக்கு இறங்க முடியுமா? முடியும்! ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், சுகோட்காவில் இருக்கும் புரொவிதேனியாவில் ஏறி, அலாஸ்காவின் நோம் நகரில் இறங்கினால் போதும்.

இரண்டு ஊருக்கும் இடையே ஏறக்குறைய 370 கிலோமீட்டர்தான். விமானத்துக்கு ஒரு மணி நேரம் போதும். ஆனால் நடுவில் சர்வதேசத் தேதிக்கோடு குறுக்கிடுகிறதே! கோடையில் நோமின் கடிகாரம் புரொவிதேனியாவைவிட 20 மணி நேரம் பின்னால்; குளிர்காலத்தில் 21. புரொவிதேனியாவில் பிறந்தநாள் கேக் வெட்டிவிட்டு மாலையில் கிளம்புங்கள். நோமில் நள்ளிரவு தாண்டியதும் மறுபடி பிறந்தநாள்! கவலை வேண்டாம், வயது ஒன்றுதான் கூடும்.

இதைவிட வேடிக்கை, பேரிங் நீரிணையின் நடுவே இருக்கும் டயோமீட் தீவுகள். பெரியது ரஷ்யாவுக்கு, சின்னது அமெரிக்காவுக்கு. இடைவெளி 4 கிலோமீட்டருக்கும் குறைவு; அதன் நடுவேதான் அதே தேதிக்கோடு போகிறது. சின்னத் தீவில் நின்று பார்த்தால் எதிரே தெரிவது 'நாளை'! 1987 ஆகஸ்டில் லின் காக்ஸ் என்ற அமெரிக்கப் பெண் வெறும் நீச்சலுடையோடு அந்தப் பனிக்கடலில் குதித்து, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக நீந்தியே 'நாளை'யைத் தொட்டுவிட்டார். சோவியத் தலைவர் கோர்பச்சேவே வெள்ளை மாளிகையில் அவரைப் பாராட்டிப் பேசினார்.

அடுத்த அதிசயம் 1988 ஜூன் 13. பனிப்போரில் 1948 முதல் அடைத்துக் கிடந்த எல்லையைத் தாண்டி, 'நட்புப் பயணம்' என்ற பெயரோடு அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் நோமிலிருந்து புரொவிதேனியாவுக்குப் பறந்தது. அதில் யூபிக் பழங்குடியினரும் இருந்தார்கள். கடலின் இரு கரையிலும் ஒரே மொழி, ஒரே சொந்தபந்தம்; நாற்பது ஆண்டுகளாக முகம் பார்க்க வழியில்லை. அவர்களைப் பிரித்துவைத்தது ஒரு மணி நேரத் தூரம்தான் என்பதை நினைத்தால் எனக்குக் கோபமே வருகிறது.

அந்த விமானம் கிளம்பிய நோமுக்கு அலாஸ்காவின் மற்ற நகரங்களிலிருந்து இன்றுவரை சாலையே கிடையாது, அது தெரியுமா? 1925 ஜனவரியில் அங்கே தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது மருந்தைக் கொண்டுபோனவை நாய்கள்! இருபது நாய்ச்சறுக்கு வண்டிக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றி, சுமார் 1,085 கிலோமீட்டரை ஐந்தரை நாளுக்குள் கடந்தார்கள். இப்போது அலாஸ்காவின் பெரிய நகரமான ஆங்கரேஜிலிருந்து நோமுக்கு ஒன்றரை மணி நேர விமானப் பயணம்.

சரி, புரொவிதேனியாவுக்கு டிக்கெட் எடுக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். 2022-ல் இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று வான்வழியை மூடிவிட்டன. இப்போது நோமிலிருந்து போக வேண்டுமானால், ஆங்கரேஜ் போய், மூன்றாவது நாடு ஒன்றைச் சுற்றி மாஸ்கோவை அடைந்து, அங்கிருந்து எட்டு மணி நேரத்துக்கு மேல் பறந்து சுகோட்காவின் தலைநகர் அனாதிர் சேர்ந்து, பிறகு சின்ன விமானத்துக்குக் காத்திருக்க வேண்டும். எல்லைப் பகுதிக்கான தனி அனுமதிச் சீட்டும் வேண்டும்.