மூளையின் நெகிழ்திறன்: மருந்தும் காந்தத் தூண்டலும்

கற்றலுக்கும் நோயினின்று மீளுதலுக்கும் அடிப்படையாக விளங்குவது மூளையின் நெகிழ்திறனாகும். நரம்பணுக்கள் தமக்கிடையேயுள்ள இணைப்புகளைப் புதிதாக அமைக்கவும், வலுப்படுத்தவும், நீக்கவும் கொண்டுள்ள ஆற்றலையே இச்சொல் குறிக்கிறது. இளமையில் மிகுந்திருக்கும் இத்திறன் வயது ஏற ஏறக் குறைகிறது. கடும் மனச்சோர்வு நோயிலும் இது குன்றுவதாகக் கருதப்படுகிறது. வழக்கமான மருந்துகளால் குணமடையாத நோயாளிகளின் பொருட்டு, இதனை உயர்த்தும் இரு முறைகளை ஒன்றாக இணைக்க இயலுமா என்பது இப்போது ஆராயப்படுகிறது.

மருந்தின் செயல்

சில காளான்களிலுள்ள சைலோசைபின் என்னும் பொருளை 1958-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து இரசாயன அறிஞர் ஆல்பர்ட் ஹாஃப்மன் பிரித்தெடுத்தார். மாயத்தோற்றங்களை விளைவிக்கும் இப்பொருள், நரம்பணுக்களிலுள்ள செரோட்டோனின் ஏற்பிகளின் வழியே செயற்படுகிறது. 2021-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இது சுண்டெலிகளுக்கு ஒரே முறை தரப்பட்டது. அவற்றின் மூளையின் முற்பகுதியில், நரம்பணுக் கிளைகளிலுள்ள நுண்முட்கள் ஏறத்தாழ 10 சதவீதம் பெருகின. ஒரு மாதம் கழிந்த பின்னும் அவ்வளர்ச்சி காணப்பட்டது.

தூண்டலின் செயல்

மண்டை ஓட்டைத் திறவாமலே மூளையைக் காந்தத்தால் தூண்டும் முறையை 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் செய்து காட்டினர். தலைமீது வைத்த கம்பிச்சுருளில் மின்னோட்டம் விரைந்து மாறும்போது எழும் காந்தப்புலம், மூளையின் மேற்பகுதியில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. மனச்சோர்வுக்கு இச்சிகிச்சையை அமெரிக்க அரசு 2008-இல் அனுமதித்தது.

இணைப்பின் நோக்கம்

மழை வயல் முழுவதையும் பதப்படுத்துகிறது. சால் எங்கே செல்லவேண்டும் என்பதை ஏரே முடிவு செய்கிறது. அவ்வாறே, மருந்து நெகிழ்திறனைப் பரவலாக உயர்த்தும். தூண்டலோ குறித்த பகுதியில் மட்டும் செயற்படும். பதம் நீங்குவதற்குள் உழவேண்டும் என்பதுபோல, மருந்துக்குப் பின் எப்போது தூண்டுவது என்பதும் முக்கியமாகும்.

இத்தகைய இணைப்பு வெறும் கற்பனையன்று. காசநோய்க்கு வழங்கப்படும் சைக்ளோசெரின், மாயத்தோற்றம் தரும் வகையைச் சேர்ந்ததன்று. எனினும் குறைந்த அளவில் நெகிழ்திறனுக்குத் துணைபுரிகிறது. 2022-இல் வெளியான கனடா நாட்டு ஆய்வொன்றில், மனச்சோர்வுற்ற 50 பேருக்குக் காந்தத் தூண்டல் தரப்பட்டது. இம்மருந்தையும் சேர்த்துப் பெற்றவர்களில் ஏறத்தாழ 74 சதவீதத்தினர் நற்பயன் அடைந்தனர். போலி மருந்து பெற்றவர்களில் அவ்வாறு பயனடைந்தோர் ஏறத்தாழ 29 சதவீதத்தினரே.

எச்சரிக்கை

சைலோசைபினுடன் தூண்டலை இணைப்பதன் பயனும் பாதுகாப்பும் மனிதரிடத்தில் இன்னும் நிறுவப்படவில்லை. காந்தத் தூண்டலால் அரிதாக வலிப்பு நேரலாம். சைலோசைபினால் மிகுந்த அச்சமும் மனக்குழப்பமும் தோன்றக்கூடும். நெகிழ்ந்த மூளை நல்லதைப் போலவே தீயதையும் பதித்துக்கொள்ளும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. மேலும், இந்தியாவில் சைலோசைபின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஆகவே, காட்டுக் காளான்களை மருந்தெனக் கருதி எவரும் உட்கொள்ளாதவாறு ஊழியர்களும் ஆசிரியர்களும் மக்களுக்கு விளக்குதல் வேண்டும். மனச்சோர்வுற்றோரைத் தாமதமின்றி அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அனுப்புதலும் வேண்டும்.