எதிலிருந்து அளந்தீர்கள்?

தி. நகரிலும் மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குடியிருப்போர் சங்கம் கூடினாலே ஒரு கேள்வி எழுகிறது: பழுதுபார்த்து ஓட்டுவதா, இடித்துப் புதிதாகக் கட்டுவதா? சன்ஷேடு பெயர்ந்து கம்பி வெளியே தெரிந்ததும் பொறியாளரை வரவழைத்து ஆய்வறிக்கை வாங்குகிறார்கள். அதில் கான்கிரீட்டின் வலிமையோடு, உள்ளிருக்கும் கம்பியின் மின்னழுத்தம் என்று ஒரு பட்டியலும் இருப்பதுண்டு: மைனஸ் 180, மைனஸ் 300, மைனஸ் 410 மில்லிவோல்ட் என்பதுபோல. கம்பி துருப்பிடிக்கிறதா என்பதைத் தளத்தைக் கொத்திப் பார்க்காமலே ஊகிக்க உதவும் எண்கள் இவை. ஆனால் இவை கம்பிக்கு மட்டுமே உரிய எண்கள் இல்லை. கம்பிக்கும், அளந்தவர் கையிலிருந்த ஒப்பீட்டு மின்முனைக்கும் உள்ள வேறுபாடுதான் அங்கே பதிவாகிறது. அந்த மின்முனை எது, அது சரியாக இருந்ததா என்று அறிக்கை சொல்லாதவரை, எண்ணை வைத்து வீட்டின் தலையெழுத்தைத் தீர்மானிக்க முடியாது.

நல்ல கான்கிரீட் கடுமையான காரத்தன்மை கொண்டது. அதன் பிஎச் 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரம் கம்பியின்மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தை உருவாக்கிக் காக்கிறது. சாந்தோமிலும் பெசன்ட் நகரிலும் கடற்காற்றோடு வரும் உப்பின் குளோரைடு கம்பிவரை ஊறினால் படலம் உடைகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு காரத்தைக் குறைத்தாலும் அதே கதிதான். துருப்பிடிக்கத் தொடங்கிய இடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை விடுவிப்பதால், அங்கே மின்னழுத்தம் எதிர்த்திசையில் இறங்குகிறது. அதை அளக்க வோல்ட்மீட்டரின் ஒரு முனையைக் கம்பியில் மாட்டலாம். மற்ற முனையை எங்கே வைப்பது? தனி ஒரு மின்முனையின் அழுத்தத்தை யாராலும் அளக்க முடியாது. சென்னையில் சாலை போடும்போதெல்லாம் பழைய தாரின்மேலேயே புதிய தாரைக் கொட்ட, வாசற்படி பள்ளமாகிப் போவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். வீடு இறங்கவில்லை, ஒப்பிடும் மட்டம் ஏறிவிட்டது. மின்னழுத்த அளவீட்டிலும் மட்டம் அசையாமல் இருந்தால்தான் எண்ணுக்குப் பொருள் உண்டு.

வேதியியலாளர்கள் திட்ட ஹைட்ரஜன் மின்முனையைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டார்கள். ஆனால் பிளாட்டினத்தையும் ஹைட்ரஜன் வாயுவையும் மொட்டைமாடிக்குத் தூக்கிச் செல்ல முடியாது. அங்கே எளிய கருவி ஒன்று போதும்: செம்புத் தண்டு, அதைச் சுற்றி மயில்துத்தக் கரைசல், அடியில் நுண்துளை அடைப்பு, அதற்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஈரப் பஞ்சு. கரைசலின் அடியில் கரையாத துத்தப் படிகங்கள் எப்போதும் கிடக்க வேண்டும். கரைசல் தெவிட்டிய நிலையிலேயே நிற்பதும், செம்பின் அழுத்தம் மாறாமல் இருப்பதும் அவற்றால்தான். வோல்ட்மீட்டரும் குறைந்தது 10 மெகாஓம் உள்மின்தடை கொண்டதாக இருப்பது நல்லது. மின்னோட்டம் பாய்ந்தால் அளக்கும் செயலே அளவைக் கெடுத்துவிடும்.

இந்தச் செம்பு மின்முனை ஹைட்ரஜனைவிட சுமார் 316 மில்லிவோல்ட் மேலே நிற்கிறது. ஆய்வகங்களில் புழங்கும் கலோமல் மின்முனை 241. இடைவெளி 75. அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் அமைப்பு 1977-இல் முதன்முதலில் வெளியிட்ட சி876 தரமுறை, செம்பு மின்முனையை வைத்தே எல்லைகளை வகுத்தது. மைனஸ் 200-ஐவிட நேர்த்திசையில் இருந்தால் துரு இல்லை என்பதற்கு 90 விழுக்காட்டுக்கும் மேல் வாய்ப்பு, மைனஸ் 350-ஐத் தாண்டி இறங்கினால் துருப்பிடிக்கிறது என்பதற்கு அதே அளவு வாய்ப்பு, இடைப்பட்டது நிச்சயமற்றது. இப்போது மைனஸ் 300 என்ற எண்ணைப் பாருங்கள். செம்பில் அளந்திருந்தால் அது நிச்சயமற்ற பகுதி. கலோமலில் அளந்திருந்தால், செம்புக் கணக்கில் அது மைனஸ் 375, அதாவது ஆபத்து. மின்முனையின் பெயர் விடுபட்டால் முடிவே மாறிவிடுகிறது. வெப்பமும் சேர்ந்துகொள்ளும். செம்பு மின்முனையின் அழுத்தம் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.9 மில்லிவோல்ட் ஏறும். சுமார் 17 முதல் 28 டிகிரிக்கு வெளியே அளந்தால் திருத்தம் செய்ய வேண்டும் என்கிறது தரமுறை. சென்னையின் பகல்பொழுதுகளில் பெரும்பாலானவை அந்த வரம்புக்கு வெளியேதான். 38 டிகிரியில் பிழை 14 மில்லிவோல்ட்டை எட்டும். மின்முனையின்மேல் நேரடியாக வெயில் பட்டாலும், கரைசலில் உப்பு கலந்தாலும் அளவு மேலும் பிசகும்.

அனுபவமுள்ள மேஸ்திரி சுத்தியலால் தட்டியே சொல்லிவிடுவாரே, பத்து மில்லிவோல்ட்டுக்கு ஏன் இத்தனை கவலை என்று கேட்கலாம். தட்டும்போது வெற்றொலி வருவது, துரு பல மடங்கு பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்த பிறகுதான். மின்னழுத்தம் அதற்கு முன்பே எச்சரிக்கக்கூடும். இதைவிட வலுவான எதிர்வாதம் உண்டு: எல்லைகளே ஐயத்துக்குரியவை. அவை பெரிதும் அமெரிக்கப் பாலத் தளங்களின் அனுபவத்தில் பிறந்தவை. மழைநீர் தேங்கி ஆக்சிஜன் எட்டாத தூணின் கம்பி, துருப்பிடிக்காமலே மிகவும் இறங்கிய எண்ணைக் காட்டலாம். சாம்பல் கலந்த சிமென்ட்டும் கணக்கை மாற்றும். துரு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதையும் இந்த எண் சொல்லாது. இவை அனைத்தும் உண்மை. அதனால்தான் ஒற்றை எண்ணைவிட, கட்டம் கட்டமாக அளந்து வரையும் வரைபடத்துக்கு மதிப்பு அதிகம். அடுத்தடுத்த புள்ளிகளில் திடீர்ச் சரிவு எங்கே என்று அதில்தான் தெரியும். அந்த வரைபடத்துக்கும் முதல் புள்ளி முதல் கடைசிப் புள்ளி வரை மட்டம் நகராதிருக்க வேண்டும். ஆகவே எல்லைகளின் குறை, மின்முனை பற்றிய கவலையைக் குறைப்பதில்லை, கூட்டவே செய்கிறது.

அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தின் ஆய்வாளர்கள், கான்கிரீட்டுக்குள்ளேயே புதைத்துவிடக்கூடிய மாங்கனீஸ் டை ஆக்சைடு மின்முனைகளை ஆராய்ந்திருக்கிறார்கள். கட்டும்போதே பதித்துவிட்டால் பல ஆண்டுகள் கண்காணிக்கலாம். ஆனால் புதைத்ததை வெளியே எடுத்துச் சோதிக்க முடியாது என்பதால், அதன் நிலைத்தன்மைதான் அந்த ஆய்வின் உயிர்நாடி. கையில் பிடிக்கும் செம்பு மின்முனைக்கு அந்தச் சிரமம் இல்லை. இன்னொரு புதிய மின்முனையோடு ஒப்பிட்டால், இரண்டும் சில மில்லிவோல்ட்டுக்குள் ஒத்துப்போகின்றனவா என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எனவே குடியிருப்போர் சங்கம் அறிக்கையில் நான்கு விவரங்களைக் கேட்டு வாங்கலாம்: எந்த மின்முனை, அதை எப்போது சரிபார்த்தார்கள், அளந்தபோது வெப்பநிலை என்ன, கான்கிரீட் ஈரமாக இருந்ததா. இதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை. இவை இல்லாத அறிக்கையைத் திருப்பிக் கொடுத்து மறுபடி அளக்கச் சொல்வது, இடிப்பதற்கோ பூசுவதற்கோ பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.