ஒரு சிட்டிகைப் பவுடருக்கு இவ்வளவு பெரிய இயந்திரமா?

புதிய பிரிண்டர் வாங்கினால் அதற்கான டிரைவரை கம்ப்யூட்டரில் நிறுவுகிறோம். இல்லாவிட்டால் பிரிண்டர் அசையாது. ஒரு பிரிண்டருக்கே இப்படியென்றால் மோட்டார், பம்ப், வால்வு, டிடெக்டர் என்று ஏராளமான கருவிகளை ஒரே நேரத்தில் இயக்குவது எப்படி? சாப்ட்வேர் எழுதுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இங்கிலாந்தின் ஐ11 பீம்லைனைப் பற்றிப் படித்தபோது எழுந்த முதல் கேள்வி இதுதான்.

பீம்லைன் என்றால் என்ன?

ஆக்ஸ்போர்டு அருகே ஹார்வெல்லில் டயமண்ட் லைட் சோர்ஸ் என்னும் சின்க்ரோட்ரான் 2007-ல் செயல்படத் தொடங்கியது. அதன் வளையத்தின் சுற்றளவு 561.6 மீட்டர். அதில் எலெக்ட்ரான்கள் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் சுற்றுகின்றன. காந்தங்கள் அவற்றை நெளிந்து ஓடச் செய்யும்போது மிகப் பிரகாசமான எக்ஸ் கதிர்கள் பிறக்கின்றன. அந்தக் கதிரை ஆய்வுக்குக் கொண்டுவரும் பாதைதான் பீம்லைன். பவுடர்களை ஆராய்வதற்கான ஐ11, 2008-ல் பயன்பாட்டுக்கு வந்தது.

கதிர் போகும் வழி

முதலில் சிலிக்கான் படிகங்கள் ஒரே ஒரு அலைநீளத்தை மட்டும் பிரித்து அனுப்பும். கதிரின் சூட்டைத் தாங்க, திரவ நைட்ரஜனால் அவற்றைக் குளிர்விக்கிறார்கள். அடுத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் சுழலும் பவுடர் மீது கதிர் படும். பவுடரில் உள்ள அணுக்களின் அடுக்குக்கு ஏற்பச் சில கோணங்களில் மட்டும் கதிர் பலமாகச் சிதறும். அதை 45 டிடெக்டர்கள் அளக்கின்றன. திரையில் வரிசையாகச் சிகரங்கள் தெரியும். இதுவே அந்தப் பொருளின் கைரேகை.

இத்தனை துல்லியம் எதற்கு?

எச்.ஐ.வி. மருந்தான ரிடோனவிர் 1998-ல் சிக்கலில் மாட்டியது. மூலக்கூறு அதேதான், ஆனால் அது வேறு விதமாக அடுக்கிக்கொண்ட புதிய படிகம் தோன்றியது. அது சரியாகக் கரையவில்லை. கேப்சூல்களின் விற்பனையை நிறுத்த வேண்டியதாயிற்று. இரு படிகங்களின் கைரேகைகளும் வேறு வேறு. ஆனால் ஒன்றில் மற்றொன்று மிகச் சிறிதளவே கலந்திருந்தால், சிகரங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து உண்மையை மறைத்துவிடும். நெருங்கி நிற்கும் சிகரங்களைப் பிரித்துக் காட்டுவதுதான் ஐ11 போன்ற பீம்லைனின் பலம்.

சாப்ட்வேரின் பங்கு

கதிர் பாயும்போது அந்த அறைக்குள் யாரும் இருக்க முடியாது. மாதிரிகளை ரோபோ கை மாற்றுகிறது. கருவிகளை இயக்குவது எபிக்ஸ் என்னும் சாப்ட்வேர். இதில் ஒவ்வொரு மோட்டாருக்கும் அளவீட்டுக்கும் ஒரு பெயர் உண்டு. பெயரைச் சொல்லிக் கேட்டால் மதிப்பு வரும்; பெயரைச் சொல்லிப் புதிய மதிப்பைக் கொடுத்தால் மோட்டார் நகரும். எந்த நிறுவனம் செய்த மோட்டார் என்று நாம் கவலைப்பட வேண்டாம்!

ஒன்றை மட்டும் இதனிடம் விடவில்லை. அறைக்குள் ஆள் இல்லை என்று ஒருவர் நேரில் சுற்றிப் பார்த்து, உள்ளே உள்ள பட்டன்களை அழுத்தி, கதவைப் பூட்டிய பிறகுதான் கதிரைத் திறக்க முடியும். இதைக் காவல் காப்பது தனிப் பாதுகாப்பு அமைப்பு. புரோகிராமில் தவறு வரலாம் என்பதை எங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

எபிக்ஸ் இலவசம். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். ஆர்வமுள்ளவர்கள் டவுன்லோட் செய்து பார்க்கலாம்.